உம்மாவின் அலுக்கத்து

என் உம்மாவின் ஒவ்வொரு காதிலும் ஏழு துளைகள் உண்டு. மடலின் விளிம்பு நெடுக வரிசையாகக் குத்தி, அவற்றில் அலுக்கத்து போட்டிருப்பார். பாரத்தில் மேல்மடல் முன்னோக்கி மடிந்து வளைந்திருக்கும். எங்கள் கடற்கரை ஊரில் அந்தத் தலைமுறைப் பெண்கள் எல்லோருக்கும் காது அப்படித்தான். வாப்பா மவுத்தான அன்று மாலை, உறவுப் பெண்கள் இருவர் உட்கார்ந்து பதினான்கு வளையங்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். கழுத்திலிருந்த கருகமணியும் கழன்றது. இத்தா இருக்கும் பெண் நகை அணியக் கூடாது என்பது சட்டம். நான்கு மாதமும் பத்து நாளும் முடிந்தன. உம்மா குளித்துப் புதுச்சேலை உடுத்தினார். நகைப்பெட்டி திறக்கப்படவில்லை. பிறகு எப்போதும் திறக்கப்படவில்லை.

ஃபிக்ஹு நூல்களில் நகை பற்றிய பக்கங்களை நான் தேடிப் படிக்கத் தொடங்கியது அதற்குப் பின்புதான். நான் ஆலிமா அல்ல. தமிழ் படித்தவள், பாடம் நடத்துகிறவள், கவிதை எழுதுகிறவள். பிரதியை அதன் சொல்லும் மௌனமும் சேர்த்து வாசிப்பது என் தொழில். சிலப்பதிகாரத்தை வாசிக்கிற அதே கண்ணோடு இந்தப் பக்கங்களையும் வாசிக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. வாசித்ததில் சில இடங்களில் கோபம் வந்தது. சில இடங்களில், நம்மிடம் ஏன் இதைச் சொல்லவே இல்லை என்ற கேள்வி வந்தது. இரண்டையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம். ஆணுக்குத் தங்கம் ஹராம், பெண்ணுக்கு ஹலால். ஆண் வெள்ளி மோதிரம் அணியலாம். நபி(ஸல்) அவர்கள் முதலில் தங்க மோதிரம் செய்து அணிந்ததாகவும், மற்றவர்களும் அப்படியே அணியத் தொடங்கியபோது அதைக் கழற்றி எறிந்துவிட்டு வெள்ளியில் செய்துகொண்டதாகவும் ஹதீஸ் தொகுப்புகள் சொல்கின்றன. அந்த வெள்ளி மோதிரம் அழகுக்காகச் செய்ததல்ல. முத்திரை இல்லாத கடிதத்தை அயல்நாட்டு அரசர்கள் படிக்கமாட்டார்கள் என்று சொல்லப்பட்டதால் செய்தது. அதில் மூன்று வரியாகப் பெயரும் தூதர் என்ற பதவியும் பொறிக்கப்பட்டிருந்தன. அதே எழுத்தை வேறு யாரும் தம் மோதிரத்தில் பொறிக்கக் கூடாது என்று தடையும் இருந்தது. அந்த மோதிரம் அபூபக்கர், உமர், உஸ்மான் என்று ஆட்சியாளர்களின் கைமாறி, உஸ்மானின் காலத்தில் அரீஸ் கிணற்றில் விழுந்தது. மூன்று நாள் தேடியும் கிடைக்கவில்லை.

ஆணின் மோதிரத்துக்கு இப்படி ஒரு வரலாறு இருக்கிறது. அது கையெழுத்து, அதிகாரம், அரசு ஆவணம். அதை எந்த விரலில் போடுவது என்பதற்கும் விதி உண்டு. சுண்டுவிரலில் போடுவது சுன்னத்து. நடுவிரலும் ஆள்காட்டி விரலும் தடுக்கப்பட்டவை. பெண் எத்தனை விரலில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். சுண்டுவிரல் ஏன் என்பதற்கு இமாம் நவவி ஒரு காரணம் சொல்கிறார்: அது ஓரத்தில் இருப்பதால், கை எடுத்துச் செய்கிற வேலைக்கு மோதிரம் இடைஞ்சலாக இருக்காது. நியாயமான காரணம்தான். ஆனால் அதன் மறுபக்கத்தை வாசித்துப் பாருங்கள். ஆணின் கை வேலை செய்கிற கை என்று இங்கே கருதப்படுகிறது. பெண்ணின் பத்து விரலுக்கும் மோதிரத்தை அனுமதிக்கும்போது, அந்தக் கைக்கு வேலை இருக்கிறதா என்ற கேள்வியே எழவில்லை. மீன் அரியவும் மாவு பிசையவும் ஓலை முடையவும் செய்த கைகளைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இது கண்ணில் படாமல் போகாது. தாராளமான அனுமதிக்குள்ளும் ஒரு கற்பனை ஒளிந்திருக்கிறது. பெண்ணின் கை பார்க்கப்படுவதற்கான கை என்பதே அந்தக் கற்பனை.

இந்தக் கற்பனை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹதீஸ் அறிஞர் கத்தாபி, பெண்கள் வெள்ளி மோதிரம் அணிவது மக்ரூஹ் என்று எழுதினார். வெள்ளி மோதிரம் ஆண்களின் அடையாளமாம். தங்க மோதிரம் வாங்க வழியில்லாத பெண் என்ன செய்வாள்? வெள்ளி மோதிரத்தைக் குங்குமப்பூ போன்ற ஒன்றால் மஞ்சளாக்கிப் போட்டுக்கொள்ளட்டும் என்கிறார். முதல்முறை இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அந்த ஏழைப் பெண்ணை நினைத்துப் பார்த்தேன். அவளிடம் இருப்பது ஒரே ஒரு வெள்ளி வளையம். அதற்கும் சாயம் பூச வேண்டும், ஆணைப்போலத் தெரியாமல் இருப்பதற்காக.

இந்தக் கருத்துக்கு மறுப்பு சொன்னவர் இருபதாம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி அல்லர். பதின்மூன்றாம் நூற்றாண்டில், சிரியாவின் நவா என்ற ஊரில் பிறந்த இமாம் நவவிதான். அவர் 1233இல் பிறந்து 1277இல் இறந்தவர், திருமணமே செய்துகொள்ளாதவர், ஷாபி மத்ஹபின் பெரும் தூண். மணமான பெண்ணும் மணமாகாத பெண்ணும் தங்க மோதிரம் போலவே வெள்ளி மோதிரமும் அணியலாம், கத்தாபி சொன்னது அடிப்படையற்றது, வீண் என்று ஒரே வீச்சில் தள்ளிவிடுகிறார். எங்கள் ஊர் ஷாபி ஊர். ஊரில் எல்லாவற்றுக்கும் மேற்கோள் காட்டப்படுகிறவர் நவவி. இந்த மறுப்பை மட்டும் எந்த பயானிலும் நான் கேட்டதில்லை. மரபு என்பது ஒரே குரல் என்று நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் அங்கே சண்டை நடந்துகொண்டிருக்கிறது.

பயான்களில் கேட்பது வேறு. அந்நூர் சூராவின் 31ஆம் வசனம், பெண்கள் தம் அலங்காரத்தை வெளிக்காட்ட வேண்டாம் என்கிறது. வெளியே தெரிவது அதற்கு விலக்கு. மறைத்திருக்கும் அலங்காரம் அறியப்படும்படி காலை அடித்து நடக்க வேண்டாம் என்றும் அந்த வசனம் சொல்கிறது. வெளியே தெரிவது எது என்பதிலேயே ஆரம்பகால உரைகாரர்களிடம் பல கருத்துகள் இருந்தன. கண்மையும் மோதிரமும்தான் அது என்று இப்னு அப்பாஸ் சொன்னதாக ஓர் அறிவிப்பு உண்டு. அப்படியென்றால் மோதிரம் மறைக்க வேண்டிய பட்டியலில் இல்லை. எங்கள் பெண்களுக்கு விற்கப்படும் சிறு பிரசுரங்கள் இந்தக் கருத்து வேறுபாட்டைச் சொல்வதில்லை. கொலுசின் ஒலியிலிருந்து தொடங்கி ஒலியிலேயே முடித்துவிடுகின்றன. நகை என்றால் உடல், உடல் என்றால் ஆபத்து என்று ஒரே பாதை.

ஸுக்ருஃப் சூராவின் 18ஆம் வசனமும் இப்படித்தான் கையாளப்படுகிறது. பெண்பிள்ளை பிறந்தால் முகம் கறுத்துப்போகும் ஆண்கள், அதே பெண்பிள்ளைகளை இறைவனுக்கு உரியவர்களாகச் சொல்கிறார்களே என்று அந்த இடம் அவர்களைக் கேலி செய்கிறது. நகைகளுக்குள் வளர்க்கப்பட்டு, வழக்காடும்போது தெளிவாகப் பேசமுடியாத ஒருத்தி என்ற விவரிப்பு அந்தக் கேள்வியின் பகுதியாக வருகிறது. சில உரைகாரர்கள் அதைப் பெண்ணின் இயல்பைப் பற்றிய செய்தியாகவே எடுத்துக்கொண்டார்கள். சட்ட அறிஞர்கள் சிலர் பெண்ணுக்கு நகை ஆகுமானது என்பதற்கு அதையே ஆதாரமாக்கினார்கள். ஒருவரின் இகழ்ச்சியை எடுத்துக்காட்டிக் கண்டிக்கிற இடம், இகழப்பட்டவரைப் பற்றிய வரையறையாக மாறிவிட்டது. தமிழ் வகுப்பில் ஒரு மாணவி, பாத்திரத்தின் கூற்றை ஆசிரியரின் கூற்றாக எழுதினால் நான் மதிப்பெண் குறைப்பேன். இங்கே அந்தப் பிழைக்கு நூற்றாண்டுகளின் மதிப்பு சேர்ந்திருக்கிறது.

ஆனால் நகைப் பக்கங்கள் இத்தோடு முடிந்துவிடவில்லை. ஃபிக்ஹு நூலில் நகை இன்னோர் அத்தியாயத்திலும் வருகிறது. அது ஜகாத் அத்தியாயம். அங்கே நகைக்குப் பின்னால் இருப்பது உடல் அல்ல, உரிமையாளர். இந்த இரண்டாவது அத்தியாயம்தான் பெண்களின் காதுக்கு எட்டுவதே இல்லை.

பெண் அணிகிற நகைக்கு ஜகாத் உண்டா? ஷாபி, மாலிகி, ஹன்பலி மத்ஹபுகளின் பிரதானமான கருத்து, அணிவதற்கான ஆகுமான நகைக்கு இல்லை என்பது. ஹனபி மத்ஹபில் உண்டு. தங்கம் இருபது மித்கால் அளவை எட்டி ஓராண்டு கையிருப்பில் இருந்தால் நாற்பதில் ஒரு பங்கு கொடுக்க வேண்டும். இருபது மித்காலை 85 முதல் 87 கிராம் வரை கணக்கிடுகிறார்கள். நம் கணக்கில் ஏறத்தாழ பதினோரு பவுன். இந்தப் பிரிவு எனக்கு ஏட்டிலுள்ள விஷயம் அல்ல. நான் பிறந்தது கடற்கரையின் ஷாபி வீட்டில், வாழப் போனது உள்நாட்டு ராவுத்தர் வீட்டில், ஹனபி. எனக்குப் போட்ட நாற்பது பவுனுக்கு என் உம்மா வீட்டில் ஜகாத் கிடையாது. மாமியார் வீட்டில் ஆண்டுக்கு ஒரு பவுன் கணக்கு.

ஒவ்வொரு ரமலானிலும் மாமி நோட்டைத் திறந்து என் பெயரில் கணக்கு எழுதுவார். நகை இருந்த பீரோவின் சாவி அவர் இடுப்பில் இருக்கும். முனைவர் பட்ட ஆய்வின் கடைசி ஆண்டில் எனக்குப் பணம் தேவைப்பட்டது. இரண்டு வளையலை விற்கலாம் என்று நினைத்தேன்.

“ஜகாத் என் மேலதானே கடமை மாமி? அப்ப நகை என்னுதுதானே?” என்று கேட்டேன்.

“உன்னுதுதாம்மா. யாரு இல்லைன்னா? ஆனா ஆம்பளைங்களக் கேட்டுட்டுச் செய்யி.”

மாமியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவருடைய நகைகள் நாத்தனார் மூவரின் திருமணத்தில் ஒவ்வொன்றாகப் போயின. அப்போது அவரை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்ற எண்ணமே யாருக்கும் வரவில்லை. நானும் அன்று வளையலை விற்கவில்லை. ஒரு தோழியிடம் கடன் வாங்கி ஆய்வேட்டைச் சமர்ப்பித்தேன். கடமை மட்டும் என் பெயரில், பொருள் வேறொருவர் கையில் என்ற நிலையை அப்போது ஏற்றுக்கொண்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? ஒரு பெருநாள் தொழுகைக்குப் பின் நபி(ஸல்) அவர்கள் பெண்கள் இருந்த பக்கம் போய் தர்மம் செய்யச் சொன்னதும், பெண்கள் தம் காதணிகளையும் மோதிரங்களையும் கழற்றி பிலாலின் துணியில் போட்டதும் புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. இதன் ஒரு பாதி நம் காதில் நிறையவே விழுந்திருக்கிறது. நரகத்தில் பெண்கள் அதிகம் என்ற எச்சரிக்கை அதே இடத்தில்தான் வருகிறது. பெண்களுக்கான எந்தக் கூட்டத்திலும் அது தவறுவதில்லை. ஜாபிரின் அறிவிப்பில், அந்த எச்சரிக்கையைக் கேட்டதும் பெண்கள் நடுவிலிருந்து, கன்னம் கறுத்த ஒருத்தி எழுந்து, ஏன் என்று கேட்டதும் இருக்கிறது. பெயர் பதிவாகாத அந்தப் பெண் கேள்வி கேட்டாள், பதில் கிடைத்தது. அவளை எந்தக் கூட்டத்திலும் யாரும் நினைவுகூர்ந்து நான் கேட்டதில்லை.

இந்த ஹதீஸுக்கு நவவி எழுதிய விளக்கத்தில் ஒரு முடிவு இருக்கிறது. பெண் தன் பொருளிலிருந்து கணவனின் அனுமதி இல்லாமலே தர்மம் செய்யலாம், மூன்றில் ஒரு பங்குக்குள்தான் என்ற வரம்பும் அதற்கு இல்லை. இமாம் மாலிக் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கணவனின் சம்மதம் வேண்டும் என்றார். நவவி அதை எடுத்துச்சொல்லி, தம் மத்ஹபும் பெரும்பான்மை அறிஞர்களும் அப்படிக் கருதவில்லை என்கிறார். கணவனிடம் கேட்டீர்களா என்று அந்தப் பெண்களிடம் விசாரிக்கப்படவில்லை என்பதே இதற்கு ஆதாரம். ஒரு மௌனத்திலிருந்து உரிமையை எடுக்கிற வாசிப்பு இது. நல்ல வாசிப்பு.

ஜகாத் அத்தியாயத்தில் என்னை நிறுத்திய இன்னோர் இடம், நவவியின் மின்ஹாஜில் வரும் ஒரு தண்டை. பெண்ணுக்கு நகை ஆகும், ஆனால் அளவுகடந்த விரயம் ஆகாது என்று சொல்லிவிட்டு, எடுத்துக்காட்டாக இருநூறு தீனார் எடையுள்ள தண்டையைச் சொல்கிறார். ஒரு தீனார் ஏறத்தாழ நாலேகால் கிராம். கணக்குப் போட்டேன். 850 கிராம், 106 பவுன். நூற்றொரு பவுன் போட்டோம் என்று சொல்கிற கல்யாணங்களுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தவள் நான். அவர் சொன்னது ஓர் ஒற்றை அணியின் எடை, நாம் சொல்வது மொத்தக் கணக்கு என்பது உண்மைதான். இருந்தாலும் எழுநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு துறவி விரயத்துக்கு எல்லையாக நினைத்துப் பார்த்த எடை, இன்று பெண்ணைக் கட்டிக்கொடுப்பதற்கான தொகையாக நம்மிடையே புழங்குகிறது. மஹர் ஆண் கொடுக்க வேண்டியது. ஒன்றுமில்லாத ஏழை மணமகனிடம் இரும்பு மோதிரமாவது தேடிப் பார் என்று சொல்லப்பட்ட மார்க்கத்தில், பெண்ணின் வாப்பா பவுனுக்காகக் கடன்படுகிறார். கொலுசு ஒலிக்கிறதா என்று காது கொடுக்கிறவர்கள் அதன் எடையைக் கேட்பதில்லை.

இந்த இடத்தில் கோவலன் நினைவுக்கு வராமல் இருக்க முடியவில்லை. கண்ணகியின் சிலம்பைப் பாடம் நடத்தும்போது, அது யாருடைய சொத்து என்று ஒரு மாணவி கேட்டாள். கணவன் கேட்கும் முன்பே எடுத்து நீட்டுகிறாள், அதனால் நாம் அதைக் கற்பு என்று படித்துவிட்டோம். அவள் கேட்டது சட்டக் கேள்வி. ஃபிக்ஹு நூல்களிலாவது அந்தக் கேள்விக்கு நேரான பதில் இருக்கிறது. நகை பெண்ணுடையது, கணவனின் ஏழ்மையோ செல்வமோ அதை மாற்றாது. பதில் இருந்தும் மாமியின் நகை போயிற்று என்பதுதான் நாம் பேச வேண்டிய விஷயம்.

இனி உம்மாவிடம் வருகிறேன். இத்தாவில் நகை தவிர்ப்பதற்குச் சட்டம் கால எல்லை வைத்திருக்கிறது. தகப்பன் அபூ சுஃப்யான் இறந்த மூன்றாம் நாள், உம்மு ஹபீபா நறுமணம் வரவழைத்துப் பூசிக்கொண்டார். தமக்கு அது தேவைப்படவில்லை, கணவன் தவிர வேறு யாருக்காகவும் மூன்று நாளுக்கு மேல் துக்கம் கூடாது என்பதற்காகவே பூசியதாகச் சொன்னார். கணவனுக்கு நான்கு மாதம் பத்து நாள். அதற்குப் பின் துக்கத்தின் பெயரால் ஒரு பெண்ணின் காதை மூளியாக வைத்திருக்கச் சட்டத்தில் இடமில்லை. அப்படி வைத்திருப்பது ஊர். தாலி அறுக்கும் ஊர்களுக்கு நடுவே வாழ்ந்து நாமும் கற்றுக்கொண்டது. இதில் இன்னொரு முரணும் இருக்கிறது. ஷாபி மத்ஹபில் ஜகாத் விலக்கு அணிகிற நகைக்குத்தான். அணிகிற எண்ணம் போய், சேர்த்துவைக்கிற எண்ணம் வந்துவிட்டால் விலக்கும் போய்விடும். ஊர் வழக்கத்துக்காகப் பெட்டியில் பூட்டுகிற விதவை, சட்டத்தின் முன் தங்கம் பதுக்குகிறவளாக ஆகிவிட முடியும்.

இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்ட உற்சாகத்தில் ஊருக்குப் போய் உம்மாவிடம் சொன்னேன். நவவி, உம்மு ஹபீபா எல்லாம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “இதெல்லாம் தெரியும்மா. சின்ன வயசுலயே அரபுத் தமிழ்ல ஓதியிருக்கோம். தெரியாம ஒண்ணும் கழட்டல. ஊருக்குள்ள நடக்கணுமே” என்றார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. பெண்களுக்குச் சட்டம் தெரியவில்லை, தெரிந்தால் மாறிவிடும் என்று நான் நம்பியிருந்தேன். படித்த பெண்களுக்கு வருகிற மிதப்பு அது. உம்மாவுக்குச் சட்டமும் தெரியும், ஊரும் தெரியும். எனக்குச் சட்டம் மட்டும்தான் புதிதாகத் தெரிந்திருந்தது. ஆகவே இந்தக் கட்டுரையின் வாதத்தைச் சற்றுத் திருத்திக்கொள்கிறேன். பிரதியில் உரிமை இருப்பதைக் காட்டுவது முதல் வேலை மட்டுமே. அந்த உரிமையைச் செலுத்துகிற பெண்ணைச் சுற்றி நிற்க இன்னும் நான்கு பெண்கள் வேண்டும். பெருநாள் திடலில் முதல் மோதிரத்தைக் கழற்றியவளின் இரண்டு பக்கமும் பெண்கள் இருந்தார்கள்.

சென்ற ஆண்டு உம்மா அலுக்கத்தில் ஒரு காதுக்கு உரிய ஏழையும் விற்றார். பக்கத்துத் தெருவில் தகப்பனில்லாத ஒரு பெண் நர்சிங் படிக்கச் சேர்ந்திருந்தாள். அவளுக்கு முதல் ஆண்டுக் கட்டணம் கட்டினார். நகைக்கடைக்குத் துணைக்குப் போனது எதிர்வீட்டு மாமியும் அந்தப் பெண்ணின் உம்மாவும். காக்காவுக்குச் செய்தி தெரிந்தது ஒரு மாதம் கழித்து. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று வருத்தப்பட்டார்.

“எதுக்குக் கேக்கணும்?” என்றார் உம்மா. அவர் குரலில் கோபமில்லை. காக்கா பதில் சொல்வதற்காகச் சிறிது நேரம் உண்மையாகவே காத்திருந்தார்.

மீதி ஏழு வளையங்கள் பெட்டியில் இருக்கின்றன. அவற்றுக்கு ஜகாத் கடமையாகிறதா என்று கணக்குப் பார்க்கச் சொன்னார். எடை பார்த்தேன். அளவை எட்டவில்லை.